இரண்டு முறை பெரியவளாதல்

1

தமிழில் ஒரு பெண்பிள்ளை இரண்டு முறை 'பெரியவள்' ஆகிறாள். இரண்டாவது முறை எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு, பதிமூன்று வயதில் நடக்கிறது. மஞ்சள் நீர் ஊற்றி, புட்டும் உளுந்தங்களியும் கிண்டிக் கொடுத்து, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, இப்போதெல்லாம் ஃப்ளெக்ஸ் பலகையும் வைத்து ஊருக்கே அறிவிக்கிறார்கள். அந்தச் சடங்கைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. முதல் முறையைப் பற்றித்தான் பேச்சில்லை. அது மூன்று வயதிலோ நான்கு வயதிலோ நடக்கிறது. சடங்கு கிடையாது, சீர் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவளைப் பார்க்க வருவதுமில்லை, பாப்பாவைப் பார்க்க வருகிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி ஒரு குழந்தையை எடுத்துவருகிறார்கள். நேற்றுவரை அந்த வீட்டின் பாப்பாவாக இருந்தவள் அந்த நிமிடத்திலிருந்து பெரியவள் ஆகிவிடுகிறாள். "நீதான் பெரியவ, இனிமே அடம்புடிக்கக் கூடாது." அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் ஒரு பருவம் முடிந்துவிடுகிறது.

இந்த முதல் பெரியவளாதல் எப்படி நிகழ்த்தப்படுகிறது, அதில் என்ன கைமாறுகிறது என்பதைப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். குடும்பத்தைப் பற்றிய நம் விவாதங்கள் கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை என்கிற இரண்டு அச்சுகளிலேயே சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு இடையிலான மூன்றாவது அச்சு 'பாசம்' என்கிற ஒற்றைச் சொல்லால் மூடப்பட்டுக் கிடக்கிறது. திருக்குறளில் மக்கட்பேற்றுக்கு ஓர் அதிகாரம் இருக்கிறது. நட்பைச் சுற்றி ஐந்து அதிகாரங்கள் இருக்கின்றன. உடன்பிறந்தாருக்கென்று ஒன்றும் இல்லை. பேசவே தேவையில்லாத அளவுக்கு இயல்பானது என்று எதை நினைக்கிறோமோ அங்கேதான் அதிகாரம் வசதியாக உட்கார்ந்திருக்கும்.

2

முதலில் மொழியைப் பார்க்கலாம். ஒரு குழந்தை பிறந்ததும் வீட்டிலுள்ள எல்லோருக்கும் பெயர் மாறுகிறது. தன் தாயை இத்தனை நாள் 'அம்மா' என்று கூப்பிட்டவள், "அம்மாச்சிகிட்ட போ" என்று குழந்தையை நீட்டுகிறாள். புருஷன் 'அப்பா' ஆகிறான். பாட்டி தன் மகளையே "அம்மா வர்றா பாரு" என்கிறாள். எல்லோரும் குழந்தை இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு உறவை எண்ணத் தொடங்குகிறார்கள். பேசத் தெரியாத ஒன்றின் வாயிலிருந்து வீடு முழுக்கப் பேசுகிறது.

பழந்தமிழில் முறைப்பெயருக்குள்ளேயே 'யாருடைய' என்பதும் சேர்ந்திருந்தது. எந்தை, நுந்தை, தந்தை. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. என் தம்பி எம்பி, உன் தம்பி நும்பி, அவனுடைய தம்பிதான் தம்பி. இன்று இந்த வரிசைகளில் கடைசிச் சொல் மட்டும் எஞ்சி நிற்கிறது. என் தம்பியும் தம்பிதான், உன் தம்பியும் தம்பிதான். சொல்லுக்குள்ளிருந்து 'யாருடைய' என்பது கழன்று விழுந்துவிட்டதால், அந்தக் காலியிடத்தில் யாரை வேண்டுமானாலும் உட்காரவைக்க முடிகிறது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அங்கே குழந்தை உட்கார்ந்துகொள்கிறது.

இதில் எல்லோரையும்விட அதிகமாக மாறுகிறவள் மூத்தவள். அப்பாவுக்கும் பாட்டிக்கும் வேறு பெயர்கள், வேறு வாழ்க்கைகள் ஏற்கெனவே இருக்கின்றன. இவளுக்கு இருந்தது ஒரு பெயரும், 'பாப்பா' என்கிற ஓர் இடமும்தான். இடம் போய்விட்டது. பெயரும் மெல்லப் போகிறது. அறுபது வயதுப் பாட்டி நான்கு வயதுப் பிள்ளையை 'அக்கா' என்கிறாள், யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. வீட்டுப் புழக்கத்தில் மூத்தது இளையது என்று பிரிக்காமல் உடன்பிறந்தவரைக் கூப்பிடும் சொல் நம்மிடம் இல்லை. 'உடன்பிறப்பு' மேடைக்குப் போய்விட்டது. 'சகோதரன்' கல்யாணப் பத்திரிகையோடு சரி. அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி என்று சொன்னாலே மேல் கீழ் வந்துவிடுகிறது. ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள் ஒரே தரையில் சமமாக நின்று ஒருவரையொருவர் முறை சொல்லிக் கூப்பிட நம் பேச்சுத்தமிழ் இடம் தருவதில்லை.

அல்தூசர் 1970இல் எழுதிய கட்டுரையில், கருத்தியல் மனிதர்களை 'விளித்து'த் தன்னிலைகளாக ஆக்குகிறது என்றார். தெருவில் போலீஸ்காரர் "ஏய், நீதான்" என்று கூப்பிட, நடந்துபோகிறவர் திரும்புகிறார். திரும்பிய அந்தக் கணத்தில் அவர் சட்டத்தின் ஆளாகிவிடுகிறார் என்பது அவர் சொன்ன பிரபலமான உதாரணம். பிறக்காத குழந்தைக்கும் குடும்பத்தில் பெயரும் இடமும் முன்பே தயாராக இருக்கின்றன என்பதையும் அதே கட்டுரையில் சொல்கிறார். நம் தொல்காப்பியர் விளித்தலுக்கென்று 'விளிமரபு' என்று ஓர் இயலே வைத்து, அதில் முறைப்பெயர்களைத் தனியாக எடுத்துப் பேசினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. "அக்கா, அந்தத் துணிய எடுத்துக்குடு" என்னும்போது, ஏற்கெனவே இருக்கிற ஓர் அக்காவைக் கூப்பிடுவதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அக்கா உண்டாகிறாள். விளியைத் தொடர்ந்து எப்போதும் ஒரு வேலை வருகிறது. நாளடைவில் விளியைக் கேட்டதுமே கை நீளப் பழகிவிடுகிறது.

3

அடுத்து, பாய். ஒண்ணரை அறை வீட்டில் ராத்திரி பாயை விரித்தால் குடும்பத்தின் வரைபடம் விரிந்துவிடும். சுவரோரம் கைக்குழந்தை, அதற்கடுத்து அம்மா, அம்மாவுக்கு இந்தப் பக்கம் மூத்தவள், அப்புறம் பாட்டியோ அப்பாவோ. குழந்தை உருண்டுவிடக் கூடாது, இரவில் பால் கொடுக்க வேண்டும்; ஆகவே அம்மா சுவர்ப்பக்கம் திரும்பித்தான் படுத்தாக வேண்டும். மூத்தவளுக்குக் கிடைப்பது அம்மாவின் முதுகு. "இந்தப் பக்கம் திரும்பும்மா." "பாப்பா தூங்கட்டும், திரும்புறேன்." பாப்பா தூங்குவதற்குள் இவள் தூங்கிவிடுவாள், அல்லது அம்மா தூங்கிவிடுவாள். சில நாளில் பாட்டி பக்கம் நகர்ந்து படுக்கிறாள். "சமத்து, பாட்டியோட படுத்துக்கிறா" என்று அதற்கும் ஒரு பாராட்டு கிடைக்கிறது.

இதில் அம்மாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு உடம்பு ஒரு பக்கம்தான் திரும்ப முடியும். ஆனால் இந்த நகர்வைச் செய்தவள் குழந்தை என்பதை மறந்துவிடக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை, மார்பில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடித்தபோது, அம்மா கசந்துபோன அனுபவம் அவளுக்கு உண்டு. இப்போது முழு ஆளாகவே இடம் மாற்றப்படுகிறாள். அதற்குப் பிறகு அவள் செய்வதெல்லாம் நமக்கு வேடிக்கையாகப் படுகிறது. விட்டுவிட்ட படுக்கை நனைத்தல் திரும்ப வருகிறது. "எனக்கும் தூளி கட்டு" என்கிறாள். பேச்சு மழலையாகிறது. வந்தவர்கள் போகும்போது, "தம்பிய நாங்க தூக்கிட்டுப் போயிடட்டுமா?" என்று கேட்பார்கள். "எடுத்துட்டுப் போ" என்றால் கூடமே சிரிக்கும். "கூடாது" என்று அழுதால் கூடமே மெச்சும். அதோடு, "உன்னத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்கிற பழைய கேலியும் சேர்ந்துகொள்ளும். நம் வீடுகளில் பரம்பரையாகச் சொல்லிவரும் இந்தக் கேலி பெரும்பாலும் எந்த நேரத்தில் சொல்லப்படுகிறது என்று பாருங்கள். இடம் பறிபோய் நிற்கிற பிள்ளையிடம், உனக்கு இங்கே இடமே இருந்ததில்லை என்று சொல்லிச் சிரிக்கிறோம்.

உளவியல் புத்தகங்கள் இதைப் 'பொறாமை' என்று சொல்லி முடித்துவிடுவது உண்டு. ஜூலியட் மிட்செல் 2003இல் எழுதிய உடன்பிறந்தோர் பற்றிய நூலில் இதைக் கொஞ்சம் வேறு மாதிரி கேட்டார். உளப்பகுப்பாய்வு பெற்றோர் பிள்ளை என்ற செங்குத்து உறவையே பார்த்துக்கொண்டிருந்து, கிடைமட்ட உறவை விட்டுவிட்டது என்பது அவருடைய வாதம். அடுத்த குழந்தை வந்ததும் மூத்த குழந்தைக்கு எழும் கேள்வி, 'அது என்னைவிட அதிகமாகப் பெறுகிறதா' என்பதைவிட ஆழமானது. 'அதுதான் பாப்பா என்றால், நான் யார்?' என்பதே அந்தக் கேள்வி. இதற்கு நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "நீ அக்கா." பதில் என்னவோ சரிதான். கேள்வி கேட்டவளுக்கு மூன்றரை வயது என்பதுதான் சங்கடம்.

'பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது' என்று ஒரு பழமொழி இருக்கிறது. இரட்டைவேடக்காரர்களைச் சொல்லுவோம். ஆனால் நேர்ப்பொருளில், வீட்டில் கிள்ளுகிறதும் ஆட்டுகிறதும் ஒரே கையாக இருப்பது யாருடைய கை? தூளியை ஆட்டும் பொறுப்பு யாரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அவளுடைய கைதான். அவள் கிள்ளுவதும் பொய்யில்லை, பதறிப்போய் ஆட்டுவதும் பொய்யில்லை. மார்கரெட் ட்ராவிக், தமிழ்க் குடும்பம் ஒன்றில் அன்பு எப்படி இயங்குகிறது என்பதைப் பற்றி 1990இல் வெளியிட்ட நூலில், இங்கே அன்பு கடுமையோடும் அடக்கத்தோடும் அடிமைத்தனத்தோடும் பின்னிக்கிடப்பதை விரிவாகக் காட்டினார். அந்தப் பின்னலின் முதல் பாடத்தை நம் பிள்ளைகள் தூளிக் கயிற்றில்தான் படிக்கிறார்கள்.

4

இதுவரை சொன்னது அக்காவுக்கும் அண்ணனுக்கும் ஓரளவு பொது. பிரிகிற இடம் இடுப்பு.

பெரியாழ்வாரின் தளர்நடைப் பாசுரங்களில் ஓரிடத்தில் பலராமன் முன்னால் ஓடுகிறான், கண்ணன் பின்னால் தள்ளாடி நடந்துவருகிறான். அண்ணன் என்பவன் தொடரப்பட வேண்டியவன். அவன் ஓடுவதே தம்பிக்கு நடைபழக்கம். பலராமன் நின்று கண்ணனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்றைய தெருவிலும் அப்படித்தான். அண்ணன்காரன் கில்லி ஆடிக்கொண்டிருப்பான், தம்பி ஓரமாக நின்று பார்ப்பான். தம்பியை யாராவது அடித்தால் அண்ணன் வருவான். அண்ணனுக்குக் கொடுக்கப்படுவது காவல். அக்காவுக்குக் கொடுக்கப்படுவது சுமை. ஆறேழு வயதுப் பெண், ஒரு பக்கமாக இடுப்பை ஒடித்து, பாதி தன் உயரமுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு பாண்டி ஆட்டத்தை வேடிக்கை பார்த்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்து அது ஓர் அழகிய கிராமியக் காட்சியாகவே ஆகிவிட்டது. காலண்டர் படத்தில்கூட வந்துவிடும்.

பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள் பத்தையும் நினைத்துப் பாருங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி வரை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பிறகு ஆண் சிற்றில் அழிக்கிறான், பறை கொட்டுகிறான், தேர் உருட்டுகிறான். பெண் கழங்காடுகிறாள், அம்மானை ஆடுகிறாள், ஊசலாடுகிறாள். சிற்றில் பருவத்தில் சிறுமிகள் மணலில் வீடு கட்டுகிறார்கள். அதை உதைக்காதே என்று பையனிடம் கெஞ்சுகிறார்கள். அங்கே வீடு என்பது சிறுமிக்கு விளையாட்டாகவாவது இருக்கிறது. கூலிவேலைக்குப் போகிறவள் வீட்டில் பெரியவளுக்கு மணல்வீடு தேவையே இல்லை. நிஜ வீடும் நிஜக் குழந்தையும் கையில் கொடுக்கப்பட்டுவிடுகின்றன. அவளுடைய பிள்ளைத்தமிழில் எட்டாவது பருவம் இடுப்புப் பருவம்தான்.

இதை உழைப்பு என்று சொல்லலாமா? திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளை எடுத்துக்கொள்வோம். அம்மா மடியில் தட்டை வைத்து இலைக்கும் தூளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. குழந்தை அழும்போதெல்லாம் எழுந்தால் எண்ணிக்கை குறையும். ஆகவே மூத்தவள் தூளியை ஆட்டுகிறாள். அவள் ஆட்டுகிற ஒவ்வொரு மணி நேரமும் அம்மாவின் கணக்கில் பீடியாக ஏறுகிறது. கூலி கொடுக்கிறவன் ஒருத்திக்குக் கொடுத்து இரண்டு பேரின் நேரத்தை வாங்குகிறான். இரண்டாவது ஆளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அரசாங்கமும் இந்த இரண்டாவது ஆளை நம்பித்தான் கணக்குப் போட்டிருக்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி 3 வயது முதல் 6 வயதுவரை. அதற்குக் கீழே உள்ள குழந்தைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும். ஆனால் பொதுவாக குழந்தையைப் பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடமாக அங்கன்வாடி அமைக்கப்படவில்லை. 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை கட்டாயம் என்றது. அதற்கு முந்தைய வயதினருக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டது. 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் செய்த திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. களையெடுக்கப் போகிறவளுக்கும் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவளுக்கும் அந்த 50 பேர் எங்கே இருக்கிறார்கள்? 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையிலும், குடும்பத்துக்கு உதவுவதற்கு அதே திருத்தத்தில் விலக்கு. பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை இப்படி ஒரு பள்ளம் விட்டுவைத்திருக்கிறார்கள். அதன்மேல் போட்டிருக்கும் பலகைதான் அக்கா.

5

சரி, இதெல்லாம் ஆறேழு பிள்ளை பெற்ற காலத்துக் கதை, இன்று மாறிவிட்டதே என்று சிலர் சொல்லலாம். மாறியது உண்மை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி 1992-93இல் சுமார் 2.5 ஆக இருந்தது, 2019-21இல் 1.8. பல வீடுகளில் இரண்டே பிள்ளைகள், சில வீடுகளில் ஒன்றே ஒன்று. நகரத்து நடுத்தர வீடுகளில் எந்த அக்காவும் இடுப்பில் பிள்ளை சுமப்பதில்லை. வாஷிங் மெஷினும் டயப்பரும் வந்துவிட்டன. ஆனால் பிள்ளைகள் குறைந்ததால் பெரியவள் என்கிற பதவியின் பாரம் குறைந்துவிடவில்லை.

நிறையப் பிள்ளைகள் இருந்த வீட்டில் 'பெரியது', 'சின்னது' என்பவை ஓரளவு சுழலும் பதவிகள். நடுவில் பிறந்தவள் ஒருவருக்குத் தங்கை, இன்னொருவருக்கு அக்கா. திட்டு வாங்கிவந்தால் அடுத்ததைத் திட்டலாம், அழுதால் மூத்ததிடம் போகலாம். இரண்டே பிள்ளை உள்ள வீட்டில் பெரியவள் என்றென்றைக்கும் பெரியவள், சின்னவன் என்றென்றைக்கும் சின்னவன். வேலை போய்விட்டது, பட்டம் நின்றுவிட்டது. இடுப்பில் தூக்கச் சொல்லாத வீட்டில் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். பொம்மையை விட்டுக்கொடு, ஜன்னலோர ஸீட்டை விட்டுக்கொடு, டிவி ரிமோட்டைக் கொடு, "அவன் சின்னப்பையன், நீதான் பெரியவ." அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு இரண்டு. அவனுக்கு ஐந்து வயதாகும்போது அவனை யாரும் பெரியவன் என்று சொல்லப்போவதில்லை. ஐந்து வயது என்பது அவளுக்குப் பெரிது, அவனுக்குச் சிறிது. வயதை நாம் இயற்கை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எவ்வளவு தூரம் வீட்டுக்குள் தயாரிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

6

அப்படியானால் அக்கா என்று கூப்பிடாமலே இருந்துவிடலாமா? அது அசட்டுத்தனம். அந்தச் சொல்லில் சுமை மட்டும் இல்லை. வளர்ந்த பிறகு பலருக்கும் அம்மாவிடம் சொல்ல முடியாததைச் சொல்ல இருக்கிற ஒரே ஆள் அக்காதான். முறைப்பெயரை ஒழிப்பது நம் வேலையில்லை. அது எப்போது பாசமாக இருக்கிறது, எப்போது ஏவலாக மாறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பதுதான் வேலை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்தில் 40 குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து ஜூடி டன், கரோல் கென்ட்ரிக் இருவரும் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கைக்குழந்தையை ஓர் ஆளாகப் பாவித்து மூத்த குழந்தையிடம் தாய் பேசிய வீடுகளில், மாதங்கள் கழித்துப் பார்த்தபோது மூத்தது குழந்தையிடம் அதிக நேசத்தோடு இருந்தது என்று கண்டார்கள். "ஏன் அழுவுறான்னு நெனைக்கிற? பசிக்குதா, தூக்கம் வருதா?" என்கிற மாதிரியான பேச்சு. அது வேறு ஊர், வேறு விதக் குடும்பம், அப்படியே இங்கே தூக்கிப் பொருத்த முடியாது. ஆனால் இந்த வாக்கியத்தின் அமைப்பைப் பாருங்கள். "பாத்துக்கோ" என்பது ஏவல். "என்ன நெனைக்கிற?" என்பது கேள்வி. ஏவலில் அவள் வேலைக்காரி, கேள்வியில் அவளும் ஓர் ஆள். ஆட்டுகிற தூளி ஒன்றுதான், ஆட்டுகிறவள் நிற்கிற இடம் வேறாகிவிடுகிறது.

இவை சின்ன விஷயங்கள். நாளைக்கு நாலு தடவையாவது அவளை அவள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, குழந்தை தூங்கும் அரை மணி நேரத்தை அடுப்பங்கரைக்குக் கொடுக்காமல் அவளுக்குக் கொடுப்பது, அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பை அப்பன்காரன் பார்த்துக்கொள்வது. கடைசியில் சொன்னதுதான் நடைமுறையில் ஆகக் கஷ்டமானது. பெரியவளை உருவாக்குவது பாப்பாவின் வரவு மட்டுமல்ல, அந்த வீட்டில் இன்னொரு வயதுவந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும்தான். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு காப்பகம் கேட்பதும் இதே கோரிக்கையின் இன்னொரு முனை. ஒன்றை வீட்டுக்குள்ளேயும் மற்றதை வெளியேயும் கேட்க வேண்டும்.

எட்டுப் பத்து வருஷம் கழித்து இரண்டாம் முறை பெரியவளாகும்போது ஊர் கூடுகிறது. அப்புறம் பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா பெருமையாகச் சொல்லுகிறாள்: "தம்பிய இவதான் வளத்தா, நான் கையே வைக்கல." முதல் முறையின் உழைப்பு இங்கேதான் முதன்முதலாகச் சபையில் பதிவாகிறது, தகுதிச் சான்றிதழாக. அதைக் கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் தலையாட்டுகிறார்கள். இனி அவள் வளர்க்க வேண்டிய பிள்ளைகள் யாருடையவை என்பது அவர்களுக்குத் தெரியும்.